போத்தனூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம்: 1865 என்று எழுதலாமா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோவையின் தென்புறத்தில், போத்தனூர் ரயில் பாதையை ஒட்டிய பகுதியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தின் வயதைக் கண்டறிய உங்கள் உதவி தேவைப்படுகிறது. கட்டடத்தை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று நிர்வாகம் இன்னும் முடிவெடுக்காத நிலையில் பெயர் வெளியில் அடிபடுவதை அவர்கள் விரும்பவில்லை என்பதால், பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. முன்னாள் மாணவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கட்டடம் வடக்கு தெற்காக நீண்டது. வரிசையாக ஆறு வகுப்பறைகள். அவற்றுக்கு முன்னால் கிழக்குப் பார்த்த நீளமான தாழ்வாரம். வகுப்பறைகளுக்கு மங்களூர் ஓடு, தாழ்வாரத்துக்கு மட்டும் தட்டைக் கூரையான தார்சு. சுவர்கள் நல்ல கனம். சன்னல்களுக்கு மேலே செங்கல் வளைவு. ஊரில் எல்லோரும் இதை 1865ஆம் ஆண்டுக் கட்டடம் என்றே சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் கூரையிலேயே இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், ஓட்டின் அடிப்பக்கத்தில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தாக இருப்பதை யாரும் படிக்கலாம்; பாடம் சலித்த நேரங்களில் நாங்கள் எல்லோரும் எழுத்துக்கூட்டிப் படித்தது அதைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் நுழைவாயில் வளைவிலும் அதே ஆண்டைப் பெயின்டால் எழுதிவிட்டார்கள்.

குறிப்பிலும் 1865 என்றே எழுதிவிடலாமா?

காரைச்செக்கு

எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஓட்டில் இருப்பது ஓடு சுட்ட ஆண்டு அன்று, தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பாசல் மிஷன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல். அந்தப் பெருமையை ஓட்டிலேயே அச்சாக்கி, பல பத்தாண்டுகள் அதே ஆண்டுடன் விற்றுக்கொண்டிருந்தார்கள். மங்களூர் ஆல்புகர்க் நிறுவனத்து ஓடுகளில் 1868 என்று இருப்பதும் இதே கதைதான். அந்த ஓடு போட்ட வீடெல்லாம் 1868இல் கட்டியது என்று வைத்துக்கொண்டால், அந்த ஓர் ஆண்டில் தென்னிந்தியாவில் ஒரு கொத்தனாரும் தூங்கியிருக்க மாட்டார். (சீர்திருத்தச் சபைக்காரர்கள் சுட்ட ஓட்டின் அடியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி படித்தார்கள் என்பது தனிச் சுவை.)

ஓடு எந்த வழியாக வந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரையிலான பாதை 1862இல் முழுமையடைந்தது. போத்தனூர் அந்தப் பாதையில் பிறந்த ஊர். ஆனால் ரயில் கோழிக்கோட்டுக்குப் போனது 1888இல், மங்களூரைத் தொட்டது 1907இல்தான். அதற்கு முன் மங்களூர் ஓடு கோவைக்கு வர வேண்டுமென்றால், கடல் வழியாகப் பேப்பூர்ப் பக்கம் வந்து இறங்கி, அங்கே வண்டி மாறிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறி வர வேண்டும். முடியாத காரியமல்ல; ஆனால் முதல் தொழிற்சாலை தொடங்கிய அதே ஆண்டில், ஒரு புறநகர்ப் பள்ளிக்காக யாரும் அந்தச் செலவைச் செய்திருக்க மாட்டார்கள். எதிர்ப்புறத்து எல்லையும் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மானியத் தொடர்பின் காரணமாக அந்தத் தொழிற்சாலைகள் மிஷனின் கையைவிட்டுப் போய், 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் சேர்ந்தன. ஆகவே மிஷன் பெயருள்ள ஓடுகளைப் பெரும்பாலும் அதற்கு முந்தியவையாகக் கொள்ளலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணவாய்க் காற்று நேராக அடிக்கும் ஊர் அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஓடு எம்மாத்திரம்? ஆண்டுதோறும் உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததைச் சொருகியிருப்பார்கள். எங்கோ இடித்த கட்டடத்தின் ஓட்டை வாங்கிப் போடுவதும் வழக்கம்தான். எனவே ஓட்டை விட்டுவிட்டு, சுவரின் பூச்சு பெயர்ந்த இடத்தில் சாந்து எப்படி இருக்கிறது, தாழ்வாரத்துத் தார்சைத் தாங்கும் உத்திரம் எது, மின்கம்பி எப்படி ஓடுகிறது என்ற மூன்றையும் பார்த்து எழுதுங்கள்.

பெஞ்சு ஐந்து

காரைச்செக்கு ஐயா சொல்வது ஓட்டுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் ரயில் வந்தது 1862 என்றால், ரயில்வே ஊழியர் குடும்பங்கள் அப்போதே வந்துவிட்டன. அவர்களுடைய பிள்ளைகள் எங்கேயாவது படித்திருக்க வேண்டுமல்லவா? எங்கள் வீட்டில் பாட்டியின் தாயார் இந்தப் பள்ளியில் படித்ததாகச் சொல்வார்கள். ஆண்டு தெரியாது, ஆனால் முதல் உலகப் போருக்கு முந்திய காலம். ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற நினைக்கும் நேரத்தில் அதன் வயதை நாமே குறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மணியோசை

ஓய்வு பெற்ற ஆசிரியை நான்; வேறொரு கத்தோலிக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். பெஞ்சு ஐந்து தம்பியின் பாட்டி சொன்னதும் காரைச்செக்கு ஐயா சொன்னதும் ஒன்றோடொன்று மோதவில்லை. பள்ளி வேறு, பள்ளிக்கூடக் கட்டடம் வேறு. அந்தக் காலத்துப் பங்குப் பள்ளிகள் பலவும் கோவில் தாழ்வாரத்திலோ, பங்குச் சாமியார் வீட்டுத் திண்ணையிலோ, கீற்றுக் கொட்டகையிலோதான் தொடங்கின. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடி, அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நிலை வந்த பிறகுதான் சுண்ணாம்புக் காரைக் கட்டடம். 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் முறை வந்தது. அதைப் பெற வேண்டுமானால் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும், இடவசதி அவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்.

ஆதாரம் தேடுவதென்றால் வளைவிலும் கூரையிலும் தேடாமல் தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் தேடுங்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம். எந்தப் பள்ளியும் அதைக் கழித்துவிட முடியாது. முதல் தொகுதியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பெற்றோரின் தொழில் என்ற பத்தியில் ஃபயர்மேன், பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், டிரைவர் என்று வரிசையாக வந்தால் அது ரயில்வேக் குடியிருப்பை நம்பி எழுந்த பள்ளி. குடியானவர், நெசவு என்று வந்தால் ஊர்க்காரர்களுக்காக எழுந்த பள்ளி. அடுத்து ஆய்வறிக்கைகள். பழைய ஆய்வாளர்கள் அறைக்கு அறை நீள அகலத்தை அளந்து எழுதுவார்கள். எந்த அறிக்கையில் திடீரென்று ஆறு அறைகளின் அளவு வருகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய அறிக்கைக்கும் இடையில் உங்கள் கட்டடம் எழுந்திருக்கிறது. நான் பணியாற்றிய பள்ளியின் வெள்ளிவிழா மலரில் போட்டிருந்த ஆண்டு, இப்படிப் பார்த்தபோது நிற்கவில்லை.

மூலப்பத்திரம்

மணியோசை டீச்சர் சொன்னதோடு மறைமாவட்ட வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். கோயம்புத்தூர் மிஷன் புதுச்சேரியிலிருந்து பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கியது 1840களின் நடுப்பகுதியில். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த மரியோன் பிரெசியாக் 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெரிய கடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயமே 1867இல்தான் நேர்ந்தளிக்கப்பட்டது. தலைமைக் கோவிலே முடியாத 1865ஆம் ஆண்டில், அதே மிஷன் போத்தனூர்ப் பக்கம் ஆறு அறைகளில் காரைக் கட்டடம் எழுப்பியது என்பதை ஏற்கக் கடினமாக இருக்கிறது. பணம் இல்லை, ஆள் இல்லை. அன்று அந்த மிஷனின் எல்லைக்குள் நீலகிரியும் பாலக்காடும் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. மறைமாவட்டம் என்ற தகுதியே 1886இல், பர்தூ ஆயர் காலத்தில் வந்தது. 1923இல் கோழிக்கோடு மறைமாவட்டமும் 1955இல் உதகை மறைமாவட்டமும் அமைந்த பிறகுதான் இன்றைய எல்லைகள் நமக்குப் பழக்கமாயின.

ரயில்வே ஊர்களில் முதலில் வருவது பள்ளி அல்ல, பூசை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து போகும் ஊராக இருந்து, பிறகு சிற்றாலயமாகி, பிறகு பங்காகும். பள்ளி இதன் ஏதாவது ஒரு படியில் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சுக் குருக்கள் ஆண்டுதோறும் பாரிஸுக்கு அறிக்கை அனுப்பினார்கள். எத்தனை ஞானஸ்நானம், எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கெல்லாம் அவற்றில் வரும். அந்தச் சபையின் ஆவணக் காப்பகம் இன்றும் பாரிஸில் இயங்குகிறது. பிரெஞ்சு தெரிந்த ஒருவர் கிடைத்தால் எழுதிக் கேட்கலாம்.

நிலத்தின் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. பள்ளியிடம் மூலப்பத்திரம் இருக்கும், இல்லாவிட்டால் ஆயர் இல்லத்தில் இருக்கும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் காலி மனை என்று இருக்கிறதா, கட்டடத்துடன் கூடிய மனை என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். போத்தனூரை ஒட்டிய குறிச்சி நகராட்சி கோவை மாநகராட்சியோடு இணைந்தது 2011இல். அதற்கு முந்திய உள்ளாட்சிப் பதிவேடுகளைக் கேட்கப் போனால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். பொறுமை வேண்டும்.

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று நிர்வாகத்தின் அனுமதியோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். வடகோடி அறையின் வெளிச்சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தில் சாந்து வெள்ளையாக இருக்கிறது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது, உள்ளே சிறு சிறு வெண்கட்டிகள் தெரிகின்றன. சிமென்ட் தெரிவது தரையிலும் பின்னாளில் ஒட்டுப்போட்ட இடங்களிலும் மட்டுமே.

தாழ்வாரத்தின் தார்சைத் தாங்குவது மரம் அல்ல, தண்டவாளம். இத்தனை ஆண்டுகள் அதன் அடியில் வரிசையில் நின்று இறைவணக்கம் பாடியும் அது தண்டவாளம் என்று யாரும் கவனித்ததில்லை. சுண்ணாம்பு பூசிப் பூசி வடிவமே மறைந்துவிட்டது. காவலாளி ஐயா ஏணி போட்டுக் கொடுத்து, "இது ரயில்காரங்க கழிச்சுப் போட்ட இரும்புங்க, எங்கப்பா காலத்துலயே சொல்லுவாங்க" என்றார். மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்ட தலை உள்ள தண்டவாளங்கள் அவை. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில் செங்கல் வளைவு, அதன்மேல் தார்சு. ஒன்றின் நடுப்பட்டையில் ஈரத்துணியால் துடைத்தபோது சில ஆங்கில எழுத்துகளும், 18 என்று தொடங்கி ஒன்பது என்ற மூன்றாம் இலக்கத்தோடு ஓர் ஆண்டும் தெரிந்தன. கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது.

மின்கம்பிகள் சுவருக்குள் போகவில்லை. மரப்பட்டை அடித்து அதன்மேல் ஓடுகின்றன. பட்டையை அடித்த இடத்தில் பழைய பூச்சு சிதைந்திருக்கிறது.

காரைச்செக்கு

ஓட்டைவிடத் தண்டவாளம் நல்ல சாட்சி. தண்டவாளத்தின் நடுப்பட்டையில் உருட்டும்போதே பதியும் ஆண்டு, அது உருவான ஆண்டேதான், விளம்பரம் அன்று. இருபுறமும் தலையுள்ள தண்டவாளம் பழைய காலத்து வகை, பின்னாளில் அடி தட்டையான வகை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. 1890களில் உருட்டிய தண்டவாளம் பாதையில் சில பத்தாண்டுகள் உழைத்துத் தேய்ந்த பிறகுதான் கழிவாகும். கழிந்த பிறகுதான் பள்ளிக்கு வரும். ஆகவே தாழ்வாரத்துக்கு 1910ஐ ஒட்டிய காலமோ அதற்குப் பின்போ என்று வைக்கலாம். 1908இல் மெட்ராஸ் ரயில்வேயின் இந்தப் பாதைகள் தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகத்துக்குப் போயின என்பதும் நினைவில் இருக்கட்டும். கழிவு இரும்பு தொடர்பான கடிதம் ஏதாவது கோப்பில் இருந்தால் எந்த நிறுவனத்தின் பெயர் மேலே இருக்கிறது என்று பாருங்கள்.

சுவர் சுண்ணாம்புக் காரை என்பது எதிர்ப்பக்கத்து எல்லையைக் காட்டுகிறது. மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது 1934இல். போத்தனூரிலிருந்து கூப்பிடு தூரம். ஆலை வந்த மறுநாளே எல்லோரும் காரை அரைக்கும் செக்கை நிறுத்திவிடவில்லை, காரைக் கொத்தனார்கள் அதன்பிறகும் வேலை பார்த்தார்கள். இருந்தாலும் அத்தனை பக்கத்தில் சிமென்ட் கிடைக்கும்போது, சன்னல் மேல் பலகைக்குக்கூட அதைத் தொடாமல் ஒரு பள்ளிக் கட்டடத்தின் சுவர்களை முழுக்கக் காரையிலேயே எழுப்பியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. உங்கள் கட்டடத்தில் சன்னலுக்கு மேல் செங்கல் வளைவு இருக்கிறது, வார்ப்புப் பலகை இல்லை. மின்சாரமும் இதையே சொல்கிறது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகே இந்த வட்டாரத்தில் மின்சாரம் பரவியது. உங்கள் பள்ளியில் பூச்சைச் சிதைத்து மரப்பட்டை அடித்திருக்கிறார்கள் என்றால், மின்சாரம் வரும்போது கட்டடம் ஏற்கெனவே பூசி முடித்து நின்றிருக்கிறது.

முடிவு சொல்லும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். தாழ்வாரமும் வகுப்பறைகளும் ஒரே காலத்தவையா, அல்லது பழைய அறைகளுக்கு முன்னால் தாழ்வாரத்தைப் பின்னாளில் ஒட்டினார்களா? தண்டவாளத்தின் நுனி வகுப்பறைச் சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். சுவரைக் குடைந்து சொருகியிருந்தால் சுற்றிலும் உடைந்த செங்கல்லும் அடைப்புச் சாந்தும் இருக்கும். சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் நுனிக்கு அடியில் கருங்கல் பலகை ஒன்று செங்கல் வரிசையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

நொய்யல்கரை

கருங்கல் பலகை இருக்கிறது. பூச்சு உதிர்ந்த மூன்று இடங்களில் பார்த்தேன். மூன்றிலும் செங்கல் வரிசை கலையாமல் கல்லின் இருபுறமும் நேராக ஓடுகிறது.

மூலப்பத்திரம்

அப்படியானால் 1910ஐ ஒட்டிய காலத்துக்கும் 1930களின் தொடக்கத்துக்கும் இடையில் என்று ஆகிறது. ஏறத்தாழ அகுஸ்தீன் ருவா ஆயராக இருந்த காலம். அவர் 1904 முதல் 1931 வரை இருந்தார். கோவையில் பிளேக் நோய் மாறி மாறி வந்த ஆண்டுகளும் அவைதான். பிளேக் மாரியம்மன் கோவில்களாக அந்த நினைவு இன்றும் நகரில் நிற்கிறது. நகர நெரிசலை விட்டு ஜனங்கள் வெளியே குடியேற, புறநகர்கள் வளர்ந்தன. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாதை போட்டதும் ஊரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருக்கும். கீற்றுக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கு ஆறு அறைகள் தேவைப்பட்டது அந்த நேரத்தில் என்றால் பொருந்தி வருகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் எந்த ஆண்டு எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறது என்று டீச்சர் சொன்னபடி பார்த்தால் இன்னும் நெருங்கலாம்.

பெஞ்சு ஐந்து

ஆக, நூற்று அறுபது ஆண்டு என்று பெருமை பேசிய கட்டடம் நூறு ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நிர்வாகம் இதைப் படித்தால் இடிப்பதற்கு இதையே காரணமாகச் சொல்லாதா?

மணியோசை

சொல்ல மாட்டார்கள் தம்பி. பள்ளிக் கட்டடங்களை இடிக்க வைப்பது வயது அல்ல, பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு கீற்றுக் கூரைகள் எல்லாம் பள்ளிகளிலிருந்து இறங்கின, இறங்க வேண்டியவைதான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். பிள்ளைகளைப் பொறுப்பேற்று உட்கார வைக்கும் தலைமையாசிரியரின் நிலையில் நான் இருந்தவள். கட்டட உறுதிச் சான்று கையில் இல்லாமல் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது. எனவே குறிப்பில் பழமையை மட்டும் எழுதினால் நிர்வாகம் அதை மடித்து வைத்துவிடும். சுவர் எந்த நிலையில் இருக்கிறது, கைமரங்களில் கரையான் இருக்கிறதா, பழுதுபார்க்க என்ன செலவாகும் என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு எழுதுங்கள். 1978இல் மேனிலை வகுப்புகள் வந்தபோது ஆய்வகத்துக்கு இடம் வேண்டும் என்று நல்ல ஓட்டுக் கட்டடங்களையெல்லாம் பலர் இடித்தார்கள்; அன்று யாரும் மாற்றுத் திட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆறு அறைகளை நூலகமாகவும் ஓவிய வகுப்பாகவும் வைத்துக்கொண்டு, மாடிக் கட்டடத்தை மேற்கே எழுப்ப இடம் இருந்தால் அதையும் வரைபடமாகச் சேர்த்துக் கொடுங்கள்.

காரைச்செக்கு

டீச்சர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆண்டைப் பொறுத்தவரை குறிப்பில் பங்கு, பள்ளி, கட்டடம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். பங்குக்கு ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் ஆண்டு, பள்ளிக்குச் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் ஆண்டு, கட்டடத்துக்கு நாம் இங்கே கண்ட கால வரம்பு. நுழைவாயில் வளைவில் உள்ள பெயின்ட் எழுத்தை அடுத்த வெள்ளையடிப்பில் திருத்திக்கொள்ளலாம், அவசரமில்லை.

அவசரமான காரியம் வேறு. ஒருவேளை இடிப்பது என்றே முடிவானால், இடிப்பு ஒப்பந்தத்தில் பழைய ஓடு, மரம், இரும்பு எல்லாம் ஒப்பந்தக்காரருக்கே என்று எழுதுவது வழக்கம். அதைக் கழித்துக்கொண்டுதான் அவர்கள் கூலியைச் சொல்வார்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் ஒரு ஓடுகூடக் கிடைக்காது, தண்டவாளம் அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன்பே, ஆண்டு தெரியும் அந்தத் தண்டவாளமும், ஒவ்வொரு தொழிற்சாலையின் ஓட்டிலும் இரண்டும், ஒரு கருங்கல் பலகையும் பள்ளிக்கே உரியவை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அறைகளை அளந்து வரைபடம் எடுக்க ஆள் தேவைப்பட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வகுப்பறைகளைத் திறந்துவிட்டால் போதும், நாடாவும் ஏணியும் நானே கொண்டு வருகிறேன்.